வராத புயலும் மேரியின் மிஷினும்

கார்த்திகை 9, செவ்வாய்

இன்று முழுக்க வெயில். ஒரு சொட்டு மழை இல்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே எனக்குத் தெரியவில்லை.

நேற்று சாயங்காலம் டிரான்சிஸ்டரில், துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டதாகச் சொன்னார்கள். "துறைமுகத்துல ஏத்தினா தாம்பரத்துக்கு என்ன?" என்றார் இவர். நான் கேட்கவில்லை. ஏரியை ஒட்டியிருக்கும், எனக்கு ரவிக்கை தைத்துத் தரும் மேரி வீட்டுக்கு ஓடினேன். போன மழைக்கு அங்கே இடுப்பளவு தண்ணீர். "ராத்திரிக்கு எங்க மாடிக்கு வந்துடு" என்று பிடிவாதம் பிடித்தேன். பாவம், அவளும் புருஷனும் கைக்குழந்தை, அரிசி, பாய், தையல் மிஷின் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வந்தார்கள். விடிந்தால், புயல் ஆந்திரா பக்கம் போய்விட்டதாம்.

"உனக்குப் பயந்துதான் போயிருக்கு" என்று இவர் சிரித்தார். சர்க்கரை போடாமல் காபியைக் கொண்டுபோய் வைத்தேன்.

மேரி மூட்டை கட்டும்போது, "வீணா அலைய வச்சுட்டேன்" என்றேன். அடுத்த முறை கூப்பிட்டால் வருவாளா என்று கேட்க வாய் வரவில்லை. அரிசி இறங்கியது, பாய் இறங்கியது. மிஷினைத் தூக்கப்போன புருஷனை மட்டும் அவள் தடுத்தாள்.

"அது இங்கியே இர்க்கட்டும்யா. மழக்காலம் முடியிற வரிக்கும் நான் வந்து தெச்சிக்கிறேன். இன்னாக்கா, சரிதானே?"

இப்போதுதான் மாடிக்குப் போய், மிஷின் மேல் என் பழைய புடவையைப் போர்த்திவிட்டு வந்தேன்.