முன் சீட்டு

காஜா பேராங், மலாக்கா
2.2.1958

அன்பு மகள் சந்திரமதிக்கு, அப்பா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. வகுப்பில் பிள்ளைகளைப் பார்க்கக் கூச்சப்பட்டுப் பின்சுவரைப் பார்த்தே பாடம் நடத்துவதாக எழுதியிருந்தாய். பரவாயில்லை, நானும் இங்கே சுவரிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். உன் கடிதத்தைக் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். அப்போது சமையலறையில் பாத்திரச் சத்தம் நிற்கும். படித்து முடித்ததும் மறுபடி கேட்கும். உன் அம்மாவுக்கும் எனக்கும் இப்போது அவ்வளவுதான் பேச்சு.

எல்லாம் அந்த அமெரிக்கக் காரால் வந்தது. சுதந்திரம் கிடைத்து எஸ்டேட் துரை கப்பலேறியபோது, இத்தனை வருடம் தனக்கு டிரைவராக இருந்தவன் என்று எனக்கே விட்டுப்போனார். அதில் கல்யாணச் சவாரி ஓட்டித்தான் இப்போது நம் பிழைப்பு. பவர் ஸ்டியரிங். ஒரு விரலால் திருப்பலாம். ஆனால் அதன் பம்பு எண்ணெய் சொட்டிச் சொட்டி, உன் அம்மா கோலம் போடும் வாசல் சிமெண்ட் கறுத்துப்போய்விட்டது. மார்கழியில் மாவு ஒட்டவே இல்லை. காரைச் சாலையில் விட்டால் லோரிகளுக்கு வழியில்லை. "கோலத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் என்ன?" என்று கேட்டுவிட்டேன். அன்று மூடிய வாய்.

செமாபோக் பட்டறை ஏகாம்பரம், அவ்வப்போது எண்ணெய் ஊற்றினால் போதும், வருடக்கணக்கில் ஓடும் என்கிறார்.

ஓர் உதவி. அடுத்த கடிதத்தில், "அம்மா, குழம்பில் புளியைக் குறையுங்கள்" என்று நீயாக எழுதுவதுபோல ஒரு வரி எழுது. நான் படித்துக்காட்டுகிறேன்.

அப்பா
கலியாணசுந்தரம்


கோத்தா பாரு
16.2.1958

அன்புள்ள அப்பாவுக்கு, சந்திரா எழுதுவது.

அம்மா, குழம்பில் புளியைக் குறையுங்கள்.

அப்பா, இனிமேல் வருவதை மனதுக்குள் படியுங்கள். இத்தனை தூரத்திலிருந்து எனக்குப் புளி எப்படித் தெரியும் என்று அம்மா நினைக்கமாட்டார்களா?

ஏப்ரல் லீவுக்கு வருகிறேன். தம்பின் ஸ்டேஷனிலிருந்து காரின் முன் சீட்டில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வர ஆசை. அம்மாதான் அந்தக் காரில் ஒரு நாளும் ஏறமாட்டார்களே, அதனால் அது என் இடம். ஆனால் வீடு வந்து சேர்வதை நினைத்தால் பயமாக இருக்கிறது. நீங்கள் இருவரும் பேசாவிட்டால் நடுவில் நான் பேச வேண்டும். அது எனக்கு வராது என்று உங்களுக்கே தெரியும். நான் வருவதற்குள் பேசிவிடுங்கள் அப்பா.

உங்கள் மகள்
சந்திரா


காஜா பேராங்
9.3.1958

அன்பு மகளுக்கு,

உன் வரியைப் படித்தேன். புளி குறையவில்லை. உப்பு குறைந்திருக்கிறது.

காரில் பவர் ஸ்டியரிங்கை எடுத்துவிட்டேன். ஏகாம்பரம் தலையில் அடித்துக்கொண்டார். "ஆளாளுக்கு இது வேணும்னு அலையிறான், நீங்க கழட்டிப் போடச் சொல்றீங்களே" என்றார். மூவாரில் நொறுங்கிக் கிடந்த இதே மாதிரிக் காரிலிருந்து சாதாரண ஸ்டியரிங் பெட்டியைக் கழற்றி வந்து மாட்டினோம். பம்பு, எண்ணெய்க் குழாய் ஒன்றும் இப்போது இல்லை. ஸ்டியரிங் சக்கரத்தை முன்பைவிட நிறையச் சுற்ற வேண்டும். ஓடும்போது தொந்தரவில்லை. நின்ற இடத்தில் திருப்பினால்தான் எருமை மாதிரி முரண்டுபிடிக்கிறது. பம்புக்குப் பாகங்கள் கிடைப்பதில்லை, அதனால்தான் மாற்றினேன்.

தெங்கேரா பக்கம் கல்யாணச் சவாரி வந்தால் இப்போது எடுப்பதில்லை. சந்துகள் குறுகல். கையெழுத்து கோணலாக இருந்தால் பேனா சரியில்லை என்று வைத்துக்கொள்.

அப்பா


கோத்தா பாரு
20.3.1958

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் உரக்கப் படியுங்கள்.

பேனா நன்றாகத்தான் இருக்கிறது. நான் வாங்கிக்கொடுத்த பேனா அது. எஸ்டேட் லோரியிலிருந்து விழுந்து எலும்பு விலகிய வலது தோள்தான் சரியில்லை. ஒரு விரலால் திருப்பலாம் என்பதால்தான் அந்தக் கார் உங்களுக்கு அவ்வளவு பிடித்தது. எண்ணெய் ஊற்றினால் வருடக்கணக்கில் ஓடும் என்று ஏகாம்பரம் மாமா சொன்னதை நீங்களே எழுதியிருந்தீர்கள். பாகம் கிடைக்காமல் நீங்கள் அதை மாற்றவில்லை. வாசலில் இனி ஒரு சொட்டு எண்ணெய் விழக்கூடாது என்று மாற்றினீர்கள். அம்மாவின் கோலத்துக்காக.

இதை அம்மாவிடம் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. எனக்கும் யார் முகத்தைப் பார்த்தும் எதுவும் சொல்ல வராது. உங்கள் பிள்ளைதானே. அதனால் எழுதுகிறேன்.

சந்திரா


காஜா பேராங்
6.4.1958

அன்பு மகளுக்கு,

உரக்கப் படித்தேன். "வலது தோள்" என்ற இடம் வந்ததும் நிறுத்தி இருமினேன். சமையலறையிலிருந்து குரல் வந்தது. "ஏன் நிப்பாட்டிட்டீங்க? படிங்க."

மார்கழிக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. படித்தேன்.

முடிந்ததும் வாசலுக்குப் போனாள். காருக்கடியில் குனிந்து சிமெண்டைக் கையால் தடவினாள். விரலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு வாயில்லையா? கோத்தா பாருல இருக்கிற புள்ள வந்து சொல்லணுமா?" என்றாள். அன்று மாலை தோளுக்குத் தைலம் தேய்க்கும்போது, "புளின்னு எழுதச் சொன்னதும் நீங்கதானே" என்றாள். தேய்த்த தேய்ப்பில் தோள் கழன்றுவிடும் போலிருந்தது.

போன வாரம் நம் பக்கத்தில் மலாக்கா சிட்டிகள் குடியிருக்கும் கம்பத்தில் ஒரு கல்யாணச் சவாரி. நான் காரை எடுக்கும்போது கதவைத் திறந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எங்கே என்று கேட்டதற்கு, "சும்மா" என்றாள். பெண்ணை ஏற்றிக்கொண்டு சந்து முனையில் வலது பக்கம் திருப்பும்போது கார் நின்றுவிட்டது. சக்கரம் அசையவில்லை. இழுத்தேன், தோள் பிடித்துக்கொண்டது. அப்போது பக்கத்திலிருந்து வளையல் கை ஒன்று குறுக்கே வந்து, ஸ்டியரிங்கை அந்தப் பக்கமாகப் பிடித்து மேலே தள்ளியது. கார் திரும்பியது.

பின்னால் இருந்த பெண்ணின் மாமா, ஒரு காருக்கு இரண்டு டிரைவரா என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். உன் அம்மா திரும்பிப் பார்க்காமலே, "ஒரு ஆளுக்கு ஒரு கைதான் வேலை செய்யுது, என்ன பண்றது" என்று தமிழில் சொன்னாள். சிட்டிகள் தலைமுறை தலைமுறையாக மலாய்தான் பேசுகிறார்கள், தமிழ் இல்லை. அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

நேற்று தெங்கேராவுக்கும் ஒரு சவாரி ஒத்துக்கொண்டோம்.

கறை முழுதாகப் போகவில்லை. மரத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். சித்திரை முதல் நாள் அந்த இடத்திலேயே கோலம் போடப்போகிறாளாம், ஒரு சாண்கூடத் தள்ளாமல்.

ரயில் என்றைக்கு என்று எழுது. தம்பின் ஸ்டேஷனுக்கு வருகிறோம். ஒன்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ பின் சீட்டில்தான் உட்கார வேண்டும்.

அப்பா