தக்காளிப் பாத்தியில் துப்பறிந்தவர்கள்

ஜூன் 12, திங்கள்

சொல்வது நான், எழுதுவது மருமகள். எனக்கு எழுத்து வராது. அவளுக்கு வாய் நிற்காது. ஜோடி சரிதான்.

நான் தோட்டக்காரனாக இருக்கும் பள்ளித் தோட்டத்தில் இன்றும் ஆறு தக்காளி நாற்று சாய்ந்து கிடந்தது. போன திங்கள் நாலு, வியாழன் மூன்று. எல்லாம் ஏழாம் வகுப்பு அறிவியல் பாடத்துக்கு வெளியே வந்து ‘உற்றுநோக்கும்’ நாட்கள். உற்றுநோக்குகிறார்களா, உருண்டு புரளுகிறார்களா?

ஜூன் 13

தலைமையாசிரியரிடம் போட்டுக் கொடுத்தேன். "இனிமே பாடம் உள்ளேயே நடக்கட்டும்மா" என்றார் அறிவியல் டீச்சரிடம். அந்தப் பெண்ணின் முகம் சுண்டிவிட்டது. "ஒரு வாரம் குடுங்க சார். யாரு சாய்க்கிறாங்கன்னு பிள்ளைங்களே கண்டுபிடிக்கட்டும்."

குற்றவாளியே விசாரணையும் நடத்துவானாம்!

ஜூன் 15

காலை ஏழு மணிக்கே ஆளுக்கொரு நோட்டோடு வந்து குந்திவிட்டார்கள். ஒரு பொடியன், "தாத்தா கோபமா இருக்கார்" என்று வாசித்தான். "கோபத்தை எங்கடா பார்த்தே? கண்ணுல பட்டதை மட்டும் எழுது" என்றாள் டீச்சர். அவன் அடித்துவிட்டு எழுதினான்: ‘தாத்தா வாளியை இரண்டு முறை உதைத்தார். வாளி ஒன்றும் செய்யவில்லை.’

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதுகிறாள். தெரிகிறது.

ஜூன் 16

மழை. பிள்ளைகள் வரவில்லை. நானும் தண்ணீர் விடவில்லை. ஒரு நாற்றும் சாயவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அடிக்கோடு போடச் சொன்னேன்.

ஜூன் 19

ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி கருவி அறைக்கே வந்தாள். "தாத்தா, திட்டக் கூடாது." நோட்டை விரித்து வாசித்தாள்: ‘7.10. தாத்தா ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு போனார். முன்னால் பார்த்து நடந்தார். குழாய் பின்னால் பாத்திமேல் வந்தது. ஐந்து நாற்று சாய்ந்தது.’ சனிக்கிழமைக் கணக்கும் வைத்திருந்தாள்: வகுப்பே இல்லாத நாளில் நாலு.

"பொய்!"

"அப்போ நாளைக்குத் திரும்பிப் பாத்துக்கிட்டே நடங்க தாத்தா."

ஜூன் 20

திரும்பிப் பார்த்தேன்.

சே. முப்பத்தோரு வருடத்தில் எந்தப் பிள்ளை எந்தக் கிளையை ஒடித்தது என்று கிழமையோடு சொல்வேன். என் முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறதென்று ஒரு நாளாவது பார்த்தேனா? வகுப்பு நடக்காத நாளில் குனிந்தாவது பார்த்தேனா?

டீச்சர் மெதுவாக, "நீங்களே சார்கிட்ட சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள். இதெல்லாம் ஒரு கேள்வியா?

ஜூன் 21

சொல்லிவிட்டேன். தலைமையாசிரியர் சிரித்த சிரிப்பில் மணி அடித்ததே யாருக்கும் கேட்கவில்லை.

ஜூன் 26

ஏழாம் வகுப்பு இன்றும் வெளியேதான். "தாத்தா, நாங்க இருக்கிறதையே மறந்துட்டு எப்பவும் போல நடங்க" என்றாள் ரெட்டைச் சடை. எப்பவும் போல நடக்கப் பார்த்தேன். எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பேன் என்றே பிடிபடவில்லை. அப்படியே நின்றுவிட்டேன்.

இருபத்தெட்டுப் பென்சிலும் நோட்டில் ஒன்றாக ஓடின.