சிமெண்டில் புதைந்த கால்கள்

பாபநாசம்,
ஐப்பசி 9.

தம்பி தியாகுவுக்கு அண்ணன் ரெங்கசாமி எழுதுவது.

நம் வீட்டு முற்றத்துத் தூண்களின் கால்களை நீ சிமெண்டில் புதைத்தாய். அதில் ஒரு தூண் இறங்கி, உத்தரம் சரிந்து, போன செவ்வாய்க்கிழமை உன் அக்கா சௌந்தரநாயகி மேல் விழுந்தது. இடுப்பெலும்பு முறிந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன்.

நான் எட்டாவது தாண்டாதவன். ஆனால் அந்த வீட்டை அண்ணாந்து பார்த்தே படித்தவன். நாலு தேக்குத் தூணும் தரைக்கு மேல் ஒரு சாண் உயரக் கல்லில் நின்றன. மழையில் நனைந்தாலும் காற்றில் காய்ந்துவிடும். உன் மகள் வானதி கல்யாணத்துக்கு நீ தரையை உயர்த்தி கிரானைட் போட்டாய். கல் உள்ளே போனது, தூணைச் சுற்றி சிமெண்ட் ஏறியது. மூன்று வருஷம் மரம் ஈரம் குடித்தது. அடியில் கரையான்; மேலே நீ அடித்த வார்னிஷ் இன்னும் பளபளக்கிறது.

அன்றைக்கே தடுத்தேன். "இது மியூசியம் இல்லண்ணே, வீடு" என்றாய். நீ வெளிநாட்டில் வாடகைக்கு இருக்கும் நானூறு வருஷத்து மரச்சட்ட வீட்டின் கதையையும் சொன்னாய். சுவர் விரிசலில் சிமெண்ட் பூசப் போனாயாம். வீட்டுக்காரக் கிழவி ஓடிவந்து, சுண்ணாம்புதான் பூச வேண்டும், சிமெண்ட் பட்டால் மரம் உள்ளுக்குள்ளேயே அழுகிவிடும் என்று திட்டினாளாம். "வெள்ளைக்காரிக்குக் கட்டை மேல அவ்ளோ பாசம்ணே" என்று சிரித்தாய். அவளுக்குப் பயந்து சுண்ணாம்பு பூசினாய். இங்கே தெரிந்தே செய்தாய்.

கண் விழித்ததும் சௌந்தரம், "தியாகுகிட்ட சொல்லிடாதீங்கண்ணே, அங்க ஒண்டியா கெடந்து தவிப்பான்" என்றாள். நான் சொல்கிறேன்.

மற்ற மூன்று தூண்களும் தட்டினால் உள்ளே பொந்து விழுந்தது போலச் சத்தம் கொடுக்கின்றன. சவுக்குக் கழி முட்டுக் கொடுத்திருக்கிறேன். மழை பிடித்துவிட்டது, நனைந்த ஓட்டின் கனம் தாங்காது. கொத்தனார் துரைராசு, "அவரு போட்ட தரை, அவரு சொல்லாம கடப்பாரையைத் தொடமாட்டேன்" என்கிறான்.

ஆகவே, இதைப் படித்ததும் நீ துரைராசுவுக்குப் போன் செய்து தரையை உடைக்கச் சொல். கல் உடையாமல் வெளியே எடுப்பது அவன் பொறுப்பு. அழுகிய அடியை அறுத்துவிட்டுப் புதுத் தேக்கு ஒட்டுப்போடுவது ஆசாரி வெற்றிச்செல்வன் வேலை. அது முடியும்வரை முட்டுக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். யார் கூப்பிட்டாலும் வெளியே வரமாட்டேன். வானதி தன்னால்தான் என்று அழக் கூடாது. அதை உன் மனைவி அவளுக்குச் சொல்லட்டும்.

மிச்சம் ஒன்று. அதற்கு நீ விமானம் ஏற வேண்டும். சௌந்தரம் இனி எழுந்து நடக்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்குத் தெரியாது. அறுவடைக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று செருப்பைக் கட்டிலடியில் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறாள். நீ வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, உன் வாயால் சொல்.

பெரியநாயகி அம்மன் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

ரெங்கசாமி