வார்னிஷ் காயாத பெஞ்சு

உடையார்பாளையம்
புரட்டாசி 20

அன்பு மகன் அரியமுத்துக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி செகதாவும் மாடு கன்னும் சுகம். பிலாய் சாப்பாடு ஒத்துக்கிச்சா, இன்னமும் ஈர்க்குச்சியாட்டம்தான் இருக்கியான்னு எழுது.

செகதாவைப் பொண்ணு பாக்க மீன்சுருட்டியிலேர்ந்து வந்துட்டுப் போனாங்க. வர்றவங்க உக்கார வூட்டுல ஒண்ணும் இல்லியேன்னு அப்பா கொல்லைப் பூவரசை அறுத்து அவரே ஒரு பெஞ்சு செஞ்சாரு. உப்புத்தாள் போட்டுத் தேச்சுத் தேச்சு கொழந்தை கன்னமாட்டம் ஆக்கிட்டாரு. வார்னிஷ் வாங்க அவரு ஜெயங்கொண்டம் போன நேரத்துல, இன்னும் பளபளன்னு இருக்கட்டுமேன்னு நான் வெளக்கெண்ணெயை எடுத்து முழுக்கத் தடவித் தொடச்சு வெச்சேன். வண்டி அச்சுக்கும் வாசக்காலுக்கும் தடவற கைதானே. அவருகிட்ட சொல்லலை. எண்ணெய் குடிச்ச மரத்துல வார்னிஷ் காயாதுன்னு எனக்கென்ன தெரியும். மரம் நல்லா நெறம் எடுத்திருக்குன்னு சொல்லிக்கிட்டே பூசினாரு, நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். மேலாப்புல காஞ்சாப்பலதான் இருந்துச்சு. மாப்பிள்ளையோட அப்பா வைரக்கண்ணு அண்ணன் வெள்ளை வேட்டியோட உக்காந்து காப்பி குடிச்சுட்டு எழுந்திரிக்கிறாரு, வேட்டி வர மாட்டேங்குது. நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேனா? "எங்க வூட்டுக்காரரு வேலை அப்படி, சம்பந்தியைப் புடிச்சா வுடாது"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்பா மட்டும் குனிஞ்சு வேட்டியை மெல்லப் பிரிச்சு வுட்டாரு, மூஞ்சி செத்துப்போச்சு.

அவங்க போன பொறவு பெஞ்சைச் சொரண்டிக்கிட்டு இருந்தாரு. மோர் கொண்டு போனேன். சொரண்டின வெரலை மோந்து பாத்தாரு, வெளக்கெண்ணெய் வாடை தெரியாமலா இருக்கும். "சம்பந்தியைக் கேலி பண்ணாம என்னையப் பண்ணினியே தனம், அதுவரைக்கும் நல்லது" அப்படின்னாரு, வேற ஒண்ணும் கேக்கலை. எனக்கு அப்படியே கூசிப்போச்சுடா. வாயாடின்னு பேரெடுத்தவ, நான்தான் தடவினேன்னு சொல்ல வாய் வரலை. உளியெல்லாம் பரண்ல போட்டுட்டாரு, பெஞ்சைத் தூக்கி மாட்டுக்கொட்டாய்ல போட்டுட்டாரு. யாராவது கேட்டா எனக்குக் கை வரலைங்கறாரு. அதைக் காதால கேட்டுக்கிட்டு ஒலையில அரிசி போடறேன்.

பொண்ணைப் புடிச்சிருக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்க, வெள்ளிக்கிழமை பூ வைக்க வராங்க. பெயிண்டுக் கடையில கேட்டு, டர்பன்டைனுங்கற கற்பூரத் தைலம் போட்டுத் தொடச்சுத் தொடச்சு எண்ணெயை எடுத்து வெயில்ல வெச்சிருக்கேன், நாளைக்கு நானே வார்னிஷ் பூசப்போறேன். வெள்ளிக்கிழமை அதைக் கூடத்துல போட்டு, எல்லாரு முன்னாடியும் என் கூரைச்சேலையைக் கட்டிக்கிட்டு முதல்ல நான் உக்காருவேன். எண்ணெய் தடவினது நான்தான், அன்னைக்கு அவரைப் பாத்து இல்லை, என்னையப் பாத்துத்தான் சிரிச்சிருக்கணும்னு சொல்லிடுவேன். ஒட்டினா என் சேலை ஒட்டட்டும்.

எந்தக் கொறையும் இல்லாம நீ நல்லா இருக்கணும். வேளைக்குச் சாப்புடு. அப்பாவுக்குத் தனியா ஒரு கார்டு போடு, எனக்கும் ஒரு நாற்காலி செஞ்சு வைங்கன்னு கேளு. நான் எழுதினதாக் காட்டிக்காதே.

ஆசியோட,
ஒன் அம்மா தனம்