வலப்பக்கம் தொங்கிய உன் கரண்டிகள்

எதையும் என்னிடம் பாதிதான் சொல்லிவிட்டுப் போன என் அருமை அம்மாவுக்கு,

உன் சமையலறை திருப்பதிக்குப் போய்விட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சித்தூர் வீட்டை இடிக்கப்போகிறோம் என்று தெரிந்ததும், அங்கே புதிதாகக் கட்டியிருக்கும் உணவுக் காட்சியகத்திலிருந்து வந்து கேட்டார்கள். அடுப்பு மேடை, அலமாரி, ஜன்னல் எல்லாவற்றையும் பெயர்த்து, ஒவ்வொன்றுக்கும் நம்பர் ஒட்டி, லாரியில் ஏற்றிக்கொண்டு போய், ஒரு பெரிய ஹாலுக்குள் மறுபடியும் கட்டி வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் கயிறு. "உள்ளே வராதீர்கள்" என்று தெலுங்கில் ஒரு போர்டு, தமிழில் ஒரு போர்டு. இத்தனை வருஷம் நீ வாய் வலிக்கச் சொன்னதை இப்போது போர்டு சொல்கிறது.

அந்த வேலைக்குப் பொறுப்பான பெண்ணின் பெயர் லாவண்யா. நல்ல பெண்தான், ஆனால் என் பொறுமையைச் சோதிக்கவே பிறந்தவள். ஒரு வாரம் நம் வீட்டில் உட்கார்ந்து போட்டோ எடுத்தாள், டேப் வைத்து அளந்தாள். மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் அடுப்புக்கும் நடுவில் எத்தனை சென்டிமீட்டர் என்றுகூடக் குறித்துக்கொண்டாள். திருப்பதியில் கட்டி முடித்ததும் என்னை வரச்சொல்லிக் காட்டி, "மேடம், அம்மா வெச்ச மாதிரியே கரெக்ட்கா உந்தா, சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

நான் "ஆமாம்மா" என்றேன். என்னைச் சொல்லவேண்டும்.

அது சரியாக இல்லை, அம்மா. ஒரு சென்டிமீட்டர்கூடப் பிசகாமல் தப்பாக இருந்தது. போட்டோ எடுக்க ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், உன் அருமைத் தங்கச்சி எஸ்தர் சின்னம்மா முதல் நாளே பஸ் ஏறி வந்து இறங்கிவிட்டாள். கரண்டி மாட்டும் பலகை, உப்புஜாடி, அஞ்சறைப் பெட்டி என்று அடுப்புக்கு இடப்பக்கம் நீ வைத்திருந்த அத்தனையையும் வலப்பக்கம் மாற்றினாள். பலகையைப் பிடுங்கிய இடத்தில் தெரிந்த ஆணி ஓட்டைகளைச் சோப்பைத் தேய்த்து அடைத்தாள். என்ன சின்னம்மா இது என்று கேட்டதற்கு என்மேல் பாய்ந்தாள்.

"பீச்சாங்கைக்காரின்னு ஊரு சொல்லணுமா ஒங்கம்மாவ? செத்த பொறவும் அவ மானம் போவணுமா? கம்முனு இருடி."

நானும் கம்மென்று இருந்துவிட்டேன். லாவண்யா பாவம், சின்னம்மாவின் சமையலறையை உன்னுடையது என்று நம்பி அளந்துகொண்டு போனாள்.

இந்தக் கடிதத்தை ஊரும் படிக்கட்டும் என்றிருக்கிறேன். அதனால் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். சித்தூரிலிருந்து நகரி வரைக்கும் கல்யாண பிரியாணிக்குப் பேர்போன சலோமியம்மாள் இடதுகைக்காரி. நீ முதன்முதலில் சமைக்கப் போன கல்யாணத்தில், அதுவும் நம் சபையில், இடது கையால் உப்பு அள்ளிப் போட்டதைப் பார்த்துவிட்டு நான்கு பேர் பந்தியிலிருந்து எழுந்து போனார்கள். அதை நீ என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாய், அதுவும் துணி மடித்துக்கொண்டே, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல.

அன்றிலிருந்து வெளியே போனால் உனக்கு வலது கைதான். என்ன செய்வது, வலது கைக்கு உப்பு அளவு தெரியவில்லை. அதனால் வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு, இடது கையால் கல்லுப்பை அள்ளி, காகிதத்தில் பொட்டலம் கட்டி எடுத்துப் போனாய். தம் போடுவதற்கு முன்னால் எல்லோரும் பார்க்க வலது கையால் அதைக் கவிழ்த்தாய். ஊர் சும்மா இருக்குமா? பொட்டலத்தில் ஜாதிபத்திரி என்றார்கள் சிலர். சந்திரகிரி மலையிலிருந்து வரும் ஏதோ வேர் என்றார்கள் சிலர். சத்தியவேட்டிலிருந்து ஒரு சமையல்காரர் வந்து நம் வாசலிலேயே அரைநாள் உட்கார்ந்திருந்தார், பொட்டலத்தை மோந்தாவது பார்க்கிறேன் என்று. நீ சிரித்துக்கொண்டே காபி கொடுத்து அனுப்பினாய்.

இப்போது அந்தப் பொட்டலம்தான் காட்சியகத்தின் மகாராணி. ஒரு மடித்த காகிதம், அதற்குக் கண்ணாடிப் பெட்டி, மேலே விளக்கு. "இதன் ரகசியம் இன்றுவரை எவருக்கும் தெரியாது" என்று கீழே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியுமே! உப்பு, அம்மா! செட்டியார் கடை மூட்டை உப்பு!

கேபிள் டிவிக்காரர்கள் வந்தபோது பண்ணினாயே, அது இன்னும் மோசம். கேமரா முன்னால் வலது கையால் கிளறத் தெரியாமல் தடுமாறி, "மெதுவாத்தான் கிண்டணும், அவசரப்பட்டா கறி கரைஞ்சிடும்" என்று சமாளித்தாய். அன்று முதல் இந்த ஜில்லாவில் பாதிப் பேர் கறியை ஆமை வேகத்தில் கிண்டிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் நீ கிண்டும் வேகத்தைப் பார்த்தவள் நான்.

ஊரை ஏமாற்றியது போகட்டும். என்னை ஏன் அப்படிச் செய்தாய்? சிலேட்டில் இடது கையால் எழுதினேன் என்று என் கையில் துண்டைச் சுற்றிக் கட்டினாய். கட்டிவிட்டுத் திரும்பி, இடது கையால் தோசையைத் திருப்பினாய். எப்படி மனசு வந்தது? உனக்கு நேர்ந்தது எனக்கு நேரக்கூடாது என்று நினைத்திருப்பாய். அது புரிகிறது. புரிந்தும் கோபம் தீரவில்லை. டீச்சராகி இத்தனை வருஷம் ஆகியும் கரும்பலகையில் என் எழுத்து சரிந்துகொண்டேதான் போகிறது, பிள்ளைகள் கழுத்தைச் சாய்த்துப் படிக்கிறார்கள்.

திருப்பதியில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அங்கே கட்டி வைத்திருக்கும் சமையலறையில் நீ நின்றால் ஒரு முட்டைகூடப் பொரிக்க முடியாது. அதை உன் பேரைப் போட்டு ஊருக்குக் காட்டப்போகிறார்கள், நானும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். லாவண்யாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நைனாவிடம் சொன்னேன். நீ போனதிலிருந்து அப்பா என்னோடுதான் இருக்கிறார். பேச்சு குறைந்துவிட்டது, ஆனால் இதற்கு மட்டும் உடனே பதில் வந்தது.

"அவளே சொல்லாதத நீ இன்னாத்துக்கு சொல்லிக்கினு இருக்கற? உட்டுடு ரூத்து."

ஆக, உன் கட்சிக்கு இரண்டு ஓட்டு. நான் ஒருத்தி என்ன செய்ய?

திறப்பதற்கு முன்னால் குடும்பத்தார் ஒருமுறை வந்து பார்க்கவேண்டும் என்று லாவண்யா கூப்பிட்டாள். வியாழக்கிழமை நைனாவை அழைத்துக்கொண்டு போனேன். அவர் அதுவரை பார்த்திருக்கவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். லாவண்யா பக்கத்தில் நின்று சென்டிமீட்டர் கணக்கை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று இவர் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"அங்கிள், லோபலிக்கி வெள்ளகூடதண்டி!" என்று, உள்ளே போகக்கூடாதென்று அவள் தெலுங்கில் பதறினாள்.

நைனா காதில் வாங்கவில்லை. உன் அடுப்பு முன்னால் நின்றார். நீ நிற்பதுபோலவே கொஞ்சம் சாய்ந்து நின்று, இடது கையை நீட்டினார். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை, வெறும் சுவர். இன்னொரு முறை நீட்டிப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இங்க நின்னுக்கினு அவ எப்படிம்மா சமைப்பா?"

அவரே லாவண்யாவிடம் சொன்னார்.

"இந்தப் பலகைய அடிச்சவன் நானு. கண்ணாலமான மூணாம் நாளு. அப்ப எல்லாம் வலப்பக்கந்தான் இருந்துச்சி. அவ எட்டி எட்டி எடுத்துக்கினு இருந்தா. ஒருத்தரும் கவனிக்கல, நான் பாத்தேன். அவள ஒன்னும் கேக்கல. பிடுங்கி இந்தாண்ட, இடப்பக்கமா அடிச்சிட்டேன்." பலகையைக் கையால் தடவினார். "சுத்தி இருக்குதாம்மா?"

இதை ஏன் நீ என்னிடம் சொல்லவே இல்லை? நான்கு பேர் எழுந்து போனதைச் சொன்னாயே, ஒருத்தர் வாய் பேசாமல் ஆணி அடித்ததை ஏன் சொல்லவில்லை? ஐம்பது வயதில், கயிறு கட்டிய ஹாலில் நின்று நான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா? அழுதேன், அம்மா. கோபத்தில்தான் என்று வைத்துக்கொள்.

பிறகு லாவண்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சின்னம்மாவின் சோப்பு வரைக்கும். "அய்யோ, மொதல்லயே செப்பலேதே மேடம், சொல்லவே இல்லையே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உன் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து போய்ச் சுத்தியல் கொண்டுவந்தாள். நைனா அடித்த முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது நேராக இறங்கியது. அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு சாமானாக இடப்பக்கம் வந்தது.

சின்னம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். திட்டிவிட்டு வைத்துவிட்டாள், இனி என் முகத்தில் முழிக்கமாட்டாளாம். நீயும் அங்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். இரு. நாம் என்றைக்குச் சண்டை போடாமல் இருந்தோம்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் திறப்பு. கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே இருந்த எழுத்தை மாற்றச் சொல்லிவிட்டேன். "இதில் இருந்தது உப்பு. அளந்தது சலோமியம்மாளின் இடது கை." தெலுங்கிலும் தமிழிலும். வாசலில் நானே நிற்பேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்வேன். எழுந்து போகிறவர்கள் போகட்டும். இனி யாருக்காகவும் நீ கையை மாற்றவேண்டியதில்லை, அம்மா. அதற்கு நான் பொறுப்பு.

உன் மூத்த மகள்,
ரூத்