முன்கூட்டியே எழுதிய மூன்று கேள்விகள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று 'உலக அமைதிக்கான புதிய பாதைகள்'. போன மாதம் 'புதிய உலகில் அமைதிக்கான பாதைகள்'. பதாகை அச்சடிக்கிறவர் கேட்டார், "ஏம்மா, பழசையே திருப்பி மாட்டினா யாருக்குத் தெரியப்போகுது?" யாருக்கும் தெரியாதுதான்.

பன்னாட்டு உறவுகள் பள்ளி மன்றத்தின் பொதுநிகழ்ச்சிகளை நான் 'ஒருங்கிணைக்கிறேன்' என்று என் அடையாள அட்டை சொல்கிறது. அதாவது பெயர்ப்பலகை, தண்ணீர் பாட்டில், முதல் வரிசையில் ஒட்டும் 'ஒதுக்கப்பட்டது' தாள். மேடை நாற்காலிகள் ஒரே உயரமா என்று பார்ப்பதும் என் வேலை. இன்று ஒரு முன்னாள் செயலர் தன் நாற்காலியை மாற்றச் சொன்னார். பக்கத்தில் இருப்பவர் இரண்டு விரற்கடை உயரமாகத் தெரிகிறாராம். அமைதிக்குப் பாதை சொல்ல வந்த மனுஷன்!

வீட்டுக்கு வந்ததும் அப்பா வழக்கம்போல, "இன்னிக்கு யாரும்மா பேசினாங்க?" அவர் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறவர். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பெரிய மனிதர்கள் நடுவில் நிற்கிறேன் என்று அவருக்கு ஒரே பெருமை. பேசியவரின் பதவியைச் சொன்னேன். "என்ன சொன்னாரு?"

யோசித்தேன். முழுசாக ஒன்றரை மணி நேரம் அங்கேயேதான் நின்றேன். ஒரு வாக்கியம்கூட நினைவுக்கு வரவில்லை.

"நல்லா பேசினாருப்பா."

மார்ச் 5, வியாழன்

கேள்வி நேரம் என்கிற நாடகத்தை எங்காவது எழுதி வைக்க வேண்டும். இங்கேயே எழுதுகிறேன்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் மூன்று கேள்விகள். எழுதுவது நான். இயக்குநர் திருத்துவார். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே பேச்சாளரின் அலுவலகத்துக்குப் போய், 'சரி' என்று திரும்பி வரும். பிறகு மூன்று மாணவர்களிடம் ஒவ்வொன்றாகக் கொடுப்பேன். கூட்டத்தில் அவர்கள், அப்போதுதான் மனதில் உதித்ததுபோல, எழுந்து கேட்பார்கள். நான் ஓடிப்போய் மைக்கை நீட்டுவேன். மூன்றாவது பதில் முடியும்போது, "நேரம் நம்மைத் துரத்துகிறது" என்று இயக்குநர் எழுந்துவிடுவார். கை தூக்கியவர்கள் கையை இறக்கிக்கொள்வார்கள். பிஸ்கட், காபி.

இயக்குநருக்கு நானும், அரங்கின் ஒலியைப் பார்த்துக்கொள்ளும் மைக் அண்ணனும் வைத்திருக்கும் பெயர் 'சட்டகம்'. எதைக் கேட்டாலும், "இதை ஒரு பெரிய சட்டகத்துல வச்சுப் பார்க்கணும்" என்பார். கழிப்பறைக் குழாய் உடைந்ததைக்கூட அப்படித்தான் பார்த்தார். இன்னும் ஒழுகுகிறது.

கேட்கும் மாணவர்களில் ஒருத்தி கிளி. அசல் கிளிதான், சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் சொல்வாள். இன்று கேட்கும்போது நெற்றியைச் சுருக்கி, "எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்" என்று வேறு சேர்த்துக்கொண்டாள். என் வாக்கியம். அவள் சந்தேகம்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வீட்டில் அத்தானின் அழைப்பு வந்தது. ஆறு நிமிடம்.

அவர் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறைத் தொழிலாளி. கப்பலின் உடைமையாளர் பத்து மாதங்களுக்கு முன் கைவிட்டு ஓடிவிட்டான். கப்பல் ஒரு அயல்நாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கிறது. மற்றவர்களை ஒவ்வொருவராக ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தானை மட்டும் விடவில்லை. ஒருநாள் படகில் வந்த நீதிமன்ற ஆள் ஒரு தாளை நீட்டினானாம். தாள் கிடைத்ததற்குத்தான் கையெழுத்து என்று நினைத்துப் போட்டிருக்கிறார். அந்த நாட்டு மொழி அவருக்குத் தெரியாது. அதில் எழுதியிருந்தது: வழக்கு முடியும்வரை இவரே கப்பலின் சட்டப்படியான காவலர்.

கடைசியாக இருந்த சமையல்காரரும் போன மாதம் கிளம்பிவிட்டார். இப்போது அவ்வளவு பெரிய கப்பலில் அத்தான் ஒருவர்தான். இரண்டு நாளுக்கு ஒருமுறை படகில் தண்ணீரும் அரிசியும் வரும்.

"பேசாமலே இருக்கேனா, என் குரலே யாரோ பேசற மாதிரி இருக்கு" என்று சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அழைப்பு முடிந்ததும் அடுப்படிக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

மார்ச் 9, திங்கள்

19-ஆம் தேதிப் பேச்சாளர் உறுதியாகிவிட்டார். 'கடல்வழி ஒழுங்கின் நாளை'. பேசப்போவது தூதர். அந்த நாட்டின் தூதர்!

பெயர்ப்பலகைக்குப் பதவியை மூன்று தடவை தப்பாகத் தட்டச்சு செய்து, அழித்து, மறுபடி அடித்தேன்.

மார்ச் 11, புதன்

முதலில் எழுதியது: 'உங்கள் துறைமுகத்தில் கைவிடப்பட்ட கப்பலில் ஒரு மனிதரைத் தனியாகக் காவலில் வைத்திருக்கிறீர்களே, அவரை எப்போது விடுவீர்கள்?'

சட்டகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது தனிநபர் விவகாரம்மா. மன்றத்துல எப்படிக் கேக்கறது? விருந்தினரைக் கூப்பிட்டு மூஞ்சியில அடிக்கிற மாதிரி. இதை ஒரு பெரிய—"

சட்டகத்தில் வைத்தேன். அவர் என் அத்தான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஏன் வரவில்லை? சொன்னால் இரக்கப்படுவார், அந்த இரக்கத்தை என்னால் பார்க்க முடியாது என்பதாலா? இல்லை. பயம். வெறும் பயம்.

இரண்டாவதாக எழுதியது: 'மாறிவரும் கடல்வணிகச் சூழலில், எதிர்பாராத இடர்களுக்கு உள்ளாகும் மாலுமிகளின் நலனைத் துறைமுக நாடுகள் எவ்வாறு மேம்படுத்தலாம் எனக் கருதுகிறீர்கள்?'

"அருமை! என்ன பக்குவம்!" என்றார்.

மார்ச் 13, வெள்ளி

தூதரகம் மூன்றையும் ஏற்றுக்கொண்டது. அத்தான் பற்றிய கேள்வியை நேரடி ஒளிபரப்பில் கேட்கப்போகிறோம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

மார்ச் 19, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. தூதர் நல்ல உயரம், நல்ல குரல். கடல் நம்மைப் பிரிப்பதில்லை, இணைக்கிறது என்று நான்கு தடவை சொன்னார். நான்கு தடவையும் கைதட்டினார்கள்.

மாலுமிகள் கேள்வி கிளியிடம். இந்த முறை குரலில் ஒரு தழுதழுப்பு வைத்திருந்தாள். தூதர் மேலே பார்த்தார், இப்போதுதான் யோசிப்பதுபோல. ஒரு வாரமாக அவர் கோப்பில் கிடந்த கேள்வி! பிறகு, "மாலுமிகள் எங்கள் விருந்தாளிகள்" என்றார். பயிற்சி மையங்கள் என்றார், கருத்தரங்குகள் என்றார். வழவழ கொழகொழ. குறை சொல்ல முடியாது. கேள்வியும் அப்படித்தானே இருந்தது? அதில் கப்பல் இல்லை, நங்கூரம் இல்லை, என் அத்தான் இல்லை. ஒரு மனிதன்கூட இல்லாமல் துடைத்து எடுத்துக் கொடுத்தவள் நான்தான். இவர்களைப் பார்த்து இத்தனை நாள் சிரித்தேன். இந்த வேலையை இங்கே என்னைவிடச் சுத்தமாகச் செய்ய ஆளில்லை.

கிளியிடமிருந்து மைக்கைத் திரும்ப வாங்கினேன். அணைக்கவில்லை. மேடையிலிருந்து பத்தடி. மைக் அண்ணன் தூரத்தில் ஒலிப்பெட்டி முன்னாலிருந்து என்னையே பார்த்தார். அவருக்கு விஷயம் தெரியும். தலையை லேசாக ஆட்டினார், கேளு, நான் நிறுத்த மாட்டேன் என்று.

வாயைத் திறந்தேன். என் மூச்சு மட்டும் ஒலிபெருக்கியில் கேட்டது. யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

"நேரம் நம்மைத் துரத்துகிறது" என்றார் சட்டகம்.

மார்ச் 20, வெள்ளி

அக்கா திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: "விருந்தாளின்னா, கிளம்பறேன்னு சொன்னா விடணும்ல?"

மார்ச் 24, செவ்வாய்

தூதரின் பேச்சை ஆண்டறிக்கைக்காக ஒலிப்பதிவிலிருந்து எழுதிக்கொண்டிருந்தேன். வெறுப்போடு தட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினேன். திருப்பிப் போட்டேன். இன்னொரு தடவை.

பயிற்சி மையங்களுக்கும் கருத்தரங்குகளுக்கும் நடுவே, கூட்டம் கைதட்டிய உற்சாகத்தில், கோப்பில் இல்லாததை மனுஷன் சொல்லியிருக்கிறார்: "எங்கள் கடலில் எவரும் விருப்பமின்றி நிற்பதில்லை. அப்படி ஒருவர் இருந்தால் பெயரை என்னிடம் கொடுங்கள், நானே பார்க்கிறேன்." அதற்கும் கைதட்டு. அன்று அரங்கில் எனக்கு இது காதிலேயே விழவில்லை. இவர்கள் பேச்சைக் கேட்காமலிருக்கப் பழகியதில் எனக்கும் காது செத்துவிட்டது.

பெயரைக் கொடுங்கள் என்றால் கொடுக்க வேண்டியதுதானே.

ஒவ்வொரு பேச்சாளருக்கும் நன்றிக் கடிதம் போகும். எழுதுவது நான். கையெழுத்து சட்டகம். எழுதினேன். முதல் பத்தி வழக்கம்போல 'ஆழமான உரை', 'செறிவான கருத்துகள்'. இரண்டாவது பத்தியில் அவர் சொன்ன வாக்கியம், அப்படியே, எத்தனையாவது நிமிடம் என்பதோடு. கீழே அத்தானின் பெயர், கப்பலின் பெயர், நங்கூரமிட்ட தேதி. 'தங்கள் பதிலை எங்கள் ஆண்டறிக்கையில் வெளியிடுவதைப் பெருமையாகக் கருதுவோம்' என்று முடித்தேன். அத்தான் கையெழுத்திட்ட தாளை அக்காவுக்குப் படமெடுத்து அனுப்பியிருந்தார்; அதுவும் இணைப்பு.

மார்ச் 25, புதன்

பதினொரு கடிதங்கள். சட்டகம் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு யாரிடமோ வெளிப்படைத்தன்மை பற்றிப் பேசியபடியே பதினொன்றிலும் கையெழுத்துப் போட்டார். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. இதுவரை ஒருநாளும் படித்ததில்லை.

இது ஏமாற்று வேலையா? ஆமாம். தபாலில் சேர்த்துவிட்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

சட்டகம் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"தூதரகத்துலேர்ந்து போன். எந்த மாலுமி? எந்தக் கப்பல்? என் கையெழுத்தை வச்சு நீ என்ன பண்ணியிருக்கே?"

இந்தத் தடவை குரல் வந்தது. எங்கிருந்து வந்ததோ.

"நீங்க படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்கன்னு நெனச்சேன் சார்."

அவர் வாய் திறந்து மூடியது. படித்தேன் என்றால் பொறுப்பு. படிக்கவில்லை என்றால் இத்தனை வருஷக் கடிதங்களும்?

"தூதர் ரொம்ப ஆர்வமா இருக்காராம்" என்றார் கடைசியில், மேசை ஓரத்தைப் பார்த்து. "ஆண்டறிக்கையில வரும்னு சொல்லியிருக்கோம்ல. நானும்... ஆமா, இது எங்க மன்றத்தோட நீண்டநாள் அக்கறைன்னு சொல்லி வச்சிருக்கேன்." பிறகு, "அந்த ஆளு உனக்கு யாரு?"

"அக்கா வீட்டுக்காரர்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா!"

மைக் அண்ணனிடம் சொன்னேன். டீ புரையேறும்வரை சிரித்தார்.

ஏப்ரல் 20, திங்கள்

நீதிமன்றம் கப்பலுக்கு வேறு காவலரை நியமித்துவிட்டது. துறைமுக ஊழியர் ஒருவர். வீட்டிலிருந்து வந்து போவாராம். இத்தனை மாதமாக இது யாருக்கும் தோன்றவில்லை! அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். அப்பா என் கையிலிருந்து வாங்கி, "அழுவாதடி, எப்ப வர்றாருன்னு கேளு" என்று தானும் அழுதார்.

மே 6, புதன்

அத்தான் வந்து எட்டு நாள். குளியலறைக் கதவைத் தாழிடுவதில்லை. யாராவது ஒருவர் அறையிலேயே இருக்க வேண்டும்.

சட்டகம் இன்று அறிவித்தார்: 'கடலும் மனிதநேயமும்: ஒரு மன்றத்தின் வெற்றிகரத் தலையீடு'. மே 21. தூதர், சட்டகம், நடுவில் அத்தான். அத்தானுக்கு எட்டு நிமிடம். சட்டகத்துக்கு இருபத்தைந்து.

"மூணு கேள்வி எழுதிடும்மா. முதல்ல, மன்றத்தோட முயற்சி அவருக்கு எப்படி நம்பிக்கை குடுத்துச்சுங்கிற மாதிரி."

அக்கா வீட்டில் சொன்னேன். அக்கா, "இன்னும் என்ன வேணுமாம் அவங்களுக்கு?" என்றாள். அத்தான் மட்டும் மெதுவாக, "நான் போகலைன்னா உன் வேலைக்கு ஆபத்தா?" என்று கேட்டார்.

என் வேலை ஒப்பந்தம் மே 31 வரைதான். நீட்டிப்பது சட்டகம் கையில்.

"இல்ல அத்தான்" என்றேன். "பெயர்ப்பலகை வச்சுட்டா போதும், அவங்களுக்கு."

மே 21, வியாழன்

மூன்று கேள்விகளையும் எழுதவில்லை. அத்தான் வரமாட்டார் என்று நேற்றே என் பெயரில் மெயில் அனுப்பிவிட்டேன். இன்று எனக்கும் விடுப்பு, அக்கா வீட்டில் இருந்தேன். விண்ணப்பத்தில் காரணம் கேட்கும் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

கூட்டம் நாலு மணிக்கு. மூன்றரைக்கு அத்தான் தீப்பெட்டி வாங்கப் போனார், வந்த பிறகு முதல்முறையாகத் தனியாக. அரை மணி ஆகியும் வரவில்லை. அக்கா வாசலுக்கும் அடுப்படிக்குமாக அலைந்தாள். "போய்ப் பாருடி."

கடையைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்தையும் தாண்டி, நெடுஞ்சாலை ஓரமாக நடந்துகொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.

"அக்கா தேடறா."

"கப்பல்ல நடந்தா நூத்தி நாப்பது காலடிம்மா. அப்புறம் கம்பி. திரும்பணும். மறுபடி நூத்தி நாப்பது." அவர் நிற்கவில்லை. "இங்க திரும்பவே வேண்டியதில்லை பார்."

என் தொலைபேசி அடித்தது. சட்டகம். விட்டேன். மறுபடி அடித்தது. அணைத்துப் பையில் போட்டேன்.

அக்காவுக்கு வழியில் ஒரு கடையிலிருந்து பேசினோம். அடுத்த ஊரின் பலகை வரும்வரை நடந்துவிட்டு, பேருந்தில் திரும்பினோம்.