இரண்டு மடங்கு வேகம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கு அறுபத்திரண்டு அழைப்பு. கணக்குக்கு மேல் இரண்டு. யாரும் மாலை போடவில்லை.

எட்டு மாதமாக இதுதான் பிழைப்பு. ஃப்ரிட்ஜ் ஓடவில்லை, வாஷிங் மெஷின் ஆடுகிறது என்று ஜனங்கள் கஸ்டமர் கேருக்குப் பேசுவார்கள். கீழ் மாடியில் நாற்பது பேர் பதில் சொல்வார்கள். அவர்கள் பேசியதைப் பதிவில் கேட்டு, மேல் மாடியில் நாங்கள் ஆறு பேர் மார்க் போடுவோம். வணக்கம் சொன்னால் பத்து, கடைசியில் 'வேறு ஏதாவது உதவி வேண்டுமா' என்று கேட்டால் பத்து, இப்படி நூறு வரை. சொந்தக் கதை ஒரு நிமிஷத்தைத் தாண்டினால் மொத்தமும் பூஜ்யம். மூன்று பூஜ்யம் வாங்கினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. சீட் நம்பர் மட்டும் திரையில் வரும். கஸ்டமர் பெயர் வரும் இடத்தில் 'கூ' என்று ஒரு சத்தம் வைத்து மறைத்திருப்பார்கள்.

ஒரு அழைப்பு எட்டு நிமிஷம், ஒரு நாளைக்கு அறுபது அழைப்பு. பாத்ரூம் போகக்கூட நேரம் இருக்காது. அதனால் எல்லாரும் இரண்டு மடங்கு வேகத்தில்தான் ஓடவிடுகிறோம். விதிமுறைப் புத்தகத்தில் கூடாது என்று இருக்கிறது. ஆனால் சேர்ந்த இரண்டாம் நாளே சூப்பர்வைசர் காதோடு சொல்லிவிட்டார். "டபுள்ல வைப்பா. இல்லன்னா இங்கயே பாய் போட்டுப் படுக்க வேண்டியதுதான்." அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கொட்டாவி சார். பேசுவதைவிட அதற்குத்தான் வாய் அதிகம் திறக்கும்.

அந்த வேகத்தில் ஆணும் பெண்ணும் கிழமும் ஒரே கீச்சுக் குரல். எட்டு மாதமாக மனுஷக் குரலே கேட்காத மாதிரி இருக்கிறது.

இன்று சீட் பதினேழுக்கு ஒரு பூஜ்யம் போட்டேன். யாரோ ஒருவரோடு ஆறரை நிமிஷம் ஊர்க்கதை. பாதிக்கு மேல் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மார்ச் 5, வியாழன்

அப்பாவுக்கு என்ன ஆயிற்று? செருப்புக்கடையில் முப்பது வருஷம் நின்று கால் வீங்கி வருகிற மனுஷன், வீட்டில் வாயைத் திறந்தால் "ஒரு வருஷம் பல்லைக் கடிச்சிட்டு இருடா" என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. நாலைந்து நாளாக நான் வந்ததும் எதிரே உட்கார்ந்து "இன்னிக்கு என்னடா ஆச்சு?" என்று மட்டும் கேட்கிறார். புத்திமதி இல்லை. நான் ஒன்றுமில்லை என்கிறேன். சரி என்று எழுந்து போய்விடுகிறார். இன்று வாய் தவறி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டேன். தலையை ஆட்டிக் கேட்டார். எனக்கே கூச்சமாக இருந்தது.

நன்றாகவும் இருந்தது.

மார்ச் 9, திங்கள்

ராஜினாமாக் கடிதம், நாலாவது தடவை எழுதியது. முதலில் எழுதியதில் கோபம் அதிகம். இரண்டாவதில் பணிவு அதிகம். மூன்றாவதை அம்மா மளிகை லிஸ்ட் எழுத எடுத்துக்கொண்டாள். இதில் இரண்டே வரி.

நண்பனின் அண்ணன் போட்டோ ஸ்டூடியோவுக்கு ஆள் தேடுகிறார். மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். விடுவதா, இருப்பதா? விட்டால் அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பது? ஒரு வருஷம் முடிந்தால் அனுபவச் சான்றிதழ் கிடைக்கும், அது இல்லாமல் அடுத்த ஆபீஸில் வாசலோடு அனுப்பிவிடுவார்கள் என்று அவர் சொல்வதும் பொய்யில்லை. இன்னும் நாலு மாதம். நாலு மாதம் என்றால் ஐயாயிரம் கீச்சுக் குரல்.

மார்ச் 11, புதன்

லிஃப்டில் ஒரு பெண். கையில் துணிப்பை, அதில் டம்ளர், சின்ன மேஜை விசிறி, ஒரு ஸ்வெட்டர். அழுது முடித்த முகம். வாசலில் செக்யூரிட்டி அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

"அதான் பதினேழு," என்றான் அரைக்காது. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுகிற பக்கத்து சீட்காரன். "மூணாவது முட்டை. யார் போட்டதுன்னு தெரியல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாவது, போன வாரம் நான் போட்டது. எழுந்து போய் முகம் கழுவினேன். திரும்பி வந்து இன்னும் முப்பது அழைப்பு கேட்டேன். அதுதான் எனக்கு இன்னும் அதிர்ச்சி. கேட்டேனே! கை பாட்டுக்கு வேலை செய்ததே!

மார்ச் 13, வெள்ளி

பதினேழு மேல்முறையீடு செய்திருக்கிறாள். அப்படிச் செய்தால் பூஜ்யம் போட்டவனே சூப்பர்வைசர் முன்னால் மறுபடி கேட்க வேண்டும். சாதாரண வேகத்தில்.

கேட்டேன்.

எழுத முடியவில்லை.

மார்ச் 14, சனி

எழுதித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

கொட்டாவி சார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பட்டனைத் தட்டினேன். வணக்கம், கூ, கூ, என்ன பிரச்சினை சார். அடுத்து ஒரு குரல். "கதவு மூட மாட்டேங்குதும்மா. வீட்டம்மா கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்காங்க."

அப்பா.

என் அப்பா. இருபத்து மூன்று வருஷமாகக் கேட்கிற குரல். நான் பூஜ்யம் போட்டது அப்பாவோடு பேசியதற்கு.

போன மாதம் ஃப்ரிட்ஜ் கதவு கெட்டதும் "உங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லேன்டா" என்று கேட்டார். "நம்பர் கதவுலயே ஒட்டியிருக்கு, நீங்களே பேசுங்க, வீட்டுலயும் எனக்கு ஆபீஸா?" என்று எரிந்து விழுந்தேன். அவரும் பேசியிருக்கிறார். புகாரைப் பதிந்த பிறகு போனை வைக்கவில்லை.

"என் பையனும் உங்க கம்பெனிதாம்மா. என்ன வேலைன்னு சொல்ல மாட்டேங்குறான். வந்ததும் சட்டையக்கூடக் கழட்டாம சுவத்தப் பாத்து உக்காந்துக்கிறான். ஒரு வருஷம் இருடான்னு நான்தான் பிடிச்சு வச்சிருக்கேன். தப்பு பண்றேனோன்னு பயமா இருக்கு. அங்க அவ்வளவு கஷ்டமாம்மா?"

நிமிஷம் ஓடுகிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். இரண்டு பூஜ்யம் ஏற்கெனவே இருக்கிறது என்றும் தெரியும்.

"கஷ்டம்தான் சார்," என்றாள். "திட்டுறவங்களக்கூடத் தாங்கிக்கலாம். யாரோ கேட்டுட்டே இருக்காங்கன்னு ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, அதான் தூங்கவிடாது. நீங்க இருடான்னும் சொல்லாதீங்க, விடுடான்னும் சொல்லாதீங்க சார். வந்ததும் இன்னிக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் கேளுங்க. எங்க வீட்டுல அத யாரும் கேக்குறதில்ல."

நான் பாதியில் நிறுத்திவிட்டுப் போன இடத்துக்குப் பிறகு வந்தது இது.

அப்பா அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறார். நான் அதை ரசித்திருக்கிறேன். ரசித்துக்கொண்டே அவளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

கொட்டாவி சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு நிமிஷத்துக்கு மேல போகுதுல்ல? பூஜ்யம் சரிதான். கையெழுத்துப் போடு." வயிற்று வலி, திங்கட்கிழமை போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

விதிமுறைப் புத்தகம், பக்கம் முப்பத்தொன்று. சொந்தக்காரர் பேசிய அழைப்புக்கு மார்க் போடக் கூடாது. போட்டது தெரிந்தால் அந்த மார்க் செல்லாது. போட்டவர் மேல் நடவடிக்கை.

அப்படியென்றால் நான் வாயைத் திறந்தால் அவள் பூஜ்யம் போய்விடும். மூன்று இரண்டாகிவிடும்.

மார்ச் 16, திங்கள்

கொட்டாவி சாரிடம் சொன்னேன். இன்று ஒரு கொட்டாவிகூட வரவில்லை அவருக்கு. கதவைச் சாத்தினார்.

"அது உங்க அப்பான்னு சொன்னா, மொதல் தடவை ஏன் தெரியலன்னு கேப்பாங்க. எந்த வேகத்துல கேட்டேன்னு கேப்பாங்க. உன் தல, என் தல, ஆறு பேர் தலையும் உருளும். தெரியுமா?"

மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். அனுபவச் சான்றிதழ். ஒரு வருஷம் என்று போட்டிருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

"நீ வேலைய விடணும்னு தவிக்கிறது எனக்குத் தெரியாதா? பூஜ்யம் சரின்னு கையெழுத்துப் போடு. நாளைக்கே ராஜினாமா குடு. இத வாங்கிட்டு நல்ல பிள்ளையா போ."

நான் எட்டு மாதமாகக் கேட்ட வரம். தட்டில் வைத்து நீட்டுகிறான் மனுஷன்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விட்டுவிட்டுப் போவதுதான் தைரியம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது விட்டுப் போனால் அதைவிடக் கோழைத்தனம் இல்லை. ராஜினாமா கொடுத்தவன் பேச்சு விசாரணையில் செல்லாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் மேல்முறையீட்டுக்கு வெள்ளிக்கிழமை விசாரணை. அதுவரை இந்த நாற்காலியில் இருந்தே ஆக வேண்டும்.

மார்ச் 17, செவ்வாய்

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் எப்போதும் போல "இன்னிக்கு என்னடா ஆச்சு?" என்றார். அதோடு நான் உடைந்துவிட்டேன்.

"நான் பேசினதுக்கா?" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடி, "நான் பேசினதுக்கா அந்தப் பொண்ண அனுப்பிட்டாங்க?" முகம் வெளுத்துவிட்டது. அம்மா தண்ணீர் கொடுத்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

என் மேல் கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் கேட்டது வேறு. "என் குரல் உனக்குத் தெரியலையாடா?"



மார்ச் 18, புதன்

அப்பா செருப்பு மாட்டும்போது சொன்னார். "ஒரு வருஷம்னு நான் சொன்னத மறந்துடு. போய் நடந்தத அப்படியே சொல்லிடு."

மார்ச் 20, வெள்ளி

எச்.ஆர். மேடம், கொட்டாவி சார், நான், எதிரே பதினேழு. என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள். முகம் பார்த்தது இது இரண்டாம் தடவை.

எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா, இரண்டு மடங்கு, அறுபது. மேடமும் "உங்க அப்பா குரலே உங்களுக்குத் தெரியலையா?" என்றுதான் கேட்டார். டபுளில் தெரியாது மேடம் என்றேன். கொட்டாவி சார் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினேழு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "முழுசாக் கேட்டீங்களா?"

"இல்ல. அன்னிக்குக் கேக்கல."

தலையைத் திருப்பிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்காமலே எழுந்து வந்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

முடிவு வந்தது. அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது, அதே சீட். எனக்கு வேலை போனது, சான்றிதழ் கிடையாது. கொட்டாவி சாருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். மெஷினில் வேகப் பட்டனை எடுத்துவிட்டார்கள். அறுபதை மட்டும் குறைக்கவில்லை.

அரைக்காது போனில் காய்ச்சி எடுத்துவிட்டான். "நல்லவனே, நீ பாட்டுக்குக் கிளம்பிட்ட. நாங்க இங்க டீ கூடக் குடிக்காம சாகுறோம்." நான் நினைத்துப் பார்க்காத கோணம் அது.

ஸ்டூடியோவில் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். சான்றிதழ் கேட்கவில்லை.

ஏப்ரல் 11, சனி

நேற்று மெக்கானிக் வந்து கதவைச் சரிசெய்துவிட்டுப் போனார். ரிப்பேர் முடிந்தால் புகாரை எடுத்தவரே கூப்பிட்டுத் திருப்தியா என்று கேட்க வேண்டும், அது அங்கே சட்டம். பதினோரு மணிக்கு அப்பாவின் போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

அவளேதான். அப்பாவுக்கும் குரல் தெரிந்துவிட்டது. முகமெல்லாம் மலர்ந்தது. அவள் வணக்கம் சொன்னாள், பெயரைச் சரிபார்த்தாள், கதவு சரியாக மூடுகிறதா என்று கேட்டாள். மூடுகிறது என்றார். பிறகு பொறுக்கமாட்டாமல், "நல்லா இருக்கியாம்மா? உன்னத்தான் நெனச்சிட்டே இருந்தேன்," என்றார்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார்?"

"இல்லம்மா, நான் வந்து..."

"அழைப்பில் இணைந்ததற்கு நன்றி. இந்த நாள் இனிய நாளாகட்டும்."

அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணுக்கு என் மேல கோபமாடா?"

"இல்லப்பா," என்றேன். "இப்படிப் பேசினாத்தான் நூத்துக்கு நூறு."